அட்டையில் வராத பிஸ்கட்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் ‘குதி’ என்ற அட்டையைப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டியபோது, தெருவுக்கு எதிர்ப்பக்கம் கண்ணாடிக்கடையில் நின்றிருந்த அவருடைய கணவர் குதித்தார். கையில் கண்ணாடி எதுவும் இல்லாத நேரம், தப்பித்தார். அடுத்து ‘கை தட்டு’ வந்தது, கை தட்டினார். ‘சிரி’ வந்தது, சன்னலுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராகச் சிரித்தார். அட்டைகளில் இருந்ததும் அவர்தான். டீச்சருக்குச் சுமாராகத்தான் வரைய வரும். வீட்டில் சும்மா கிடைத்த ஆள் கணவர் என்பதால், ஒரு விடுமுறை முழுக்க அவரை நிற்க வைத்து, ஓட வைத்து, அழ வைத்து, காலி அட்டைப்பெட்டிகளை வெட்டிப் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தார். காது மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, மற்றபடி அச்சு அசல் ஆள். படத்தில் இருக்கிற மாமா எதிர்க்கடையில் குதிப்பதைச் சன்னல் வழியே பார்த்த பிள்ளைகள் அந்தச் சொல்லை அன்றைக்கே படித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வாயே திறக்காத கடைசி வரிசைப் பெண்கூட எழுந்து நின்று படித்தாள்.

சாயங்காலம் கணவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்படுகிற ஜாதகமே இல்லை. “பிள்ளைங்க படிச்சாங்களா?” என்று கேட்டார். படித்தார்கள் என்று டீச்சர் சொன்னதும், “அப்ப சரி. நான் கண்ணாடியத் தூக்கும்போது மட்டும் அந்தக் குதிக்கிற அட்டைய எடுக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். அதன்படி, பெரிய கண்ணாடி எதையாவது தூக்குவதற்கு முன்னால் கடை வாசலில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவது என்று ஏற்பாடானது. துணி தெரிந்தால் டீச்சர் ‘எழுது’, ‘சிரி’ என்று சேதாரமில்லாத அட்டைகளாகப் பார்த்து எடுத்தார். சில மாதங்கள் இது ஒழுங்காக நடந்தது.

அப்படியே நடந்திருக்கும், டீச்சருடைய கை சும்மா இருந்திருந்தால். அவர் முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமையாசிரியை இருந்தார். படங்கள், மணிச்சட்டம், வண்ணப் பந்துகள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி பூட்டுவார். பிள்ளைகள் பீரோவைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கே டீச்சருக்கு வயிறு எரிந்தது. தான் செய்த எதையும், கேட்கிறவர் கேட்காதவர் எல்லோருக்கும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டவர் அவர். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ‘இலவசம், யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தார். பக்கத்து வகுப்பு சார் கேட்டார், கொடுத்தார். பக்கத்துப் பள்ளிக்கூடம் கேட்டது, கொடுத்தார். பிறகு செல்போனில் இருந்த ஆசிரியர்கள் குழுவில் எல்லா அட்டைகளையும் படம் பிடித்துப் போட்டார். நன்றிகள் வந்து குவிந்தன. அந்தச் சந்தோஷத்தில், சிவப்புத் துணி தன்னுடைய சன்னலுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அதற்கு அப்புறம் கணவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கண்ணாடி வெட்டும் வைரமுனைப் பேனாவை அளவுகோலை ஒட்டி இழுக்கும்போது குதித்தார். கோடு கோணலாகப் போய்க் கண்ணாடி வேறெங்கோ விரிந்தது. விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் தெருமுனைவரை ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்து மீதி விலை பேசினார். ஒரு கல்யாண வீட்டுக்குச் செய்த நிலைக்கண்ணாடி வண்டியில் ஏறும் முன்னே சுக்குநூறானது. முதலில் பள்ளிக்கூட நேரத்தோடு நின்றது. பிறகு டீச்சரின் அண்ணி வெளிநாட்டில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து அட்டைகளைக் கையோடு கொண்டுபோனார். அங்கே காலைப் பாடம் தொடங்குவது இங்கே சாயங்காலம், முடிவது நள்ளிரவு என்பதால் கணவர் படுக்கையிலும் கை தட்டினார். அவருடைய அப்பா இறந்தபோது, உடலருகே நின்று அழுதுகொண்டிருந்தவர் நடுவில் குதித்தார். சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பள்ளிக்கூட நேரம்” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். முட்டி வீங்கியது. டீச்சர் ராத்திரிதோறும் தைலம் தேய்த்துவிட்டார்.

அட்டைகளை அழித்துவிடுங்கள் என்று டீச்சர் குழுவில் கெஞ்சினார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் அழிக்கவும் இல்லை. அந்த மாமாவைப் பார்த்துத்தான் தன் வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். அது பொய்யில்லை என்று டீச்சருக்கே தெரியும். மாமாவுக்குப் பதிலாக ஒரு கரடியை வரைந்து அனுப்பினார். “கரடி நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பிள்ளைங்க அந்தக் காது பெரிய மாமாவத்தான் கேக்குறாங்க” என்று பதில் வந்தது. கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழி எதையும் டீச்சர் அட்டைகளின் மூலையில் எழுதி வைக்கவில்லை. கணவர் தன்னால் ஆனதைச் செய்தார். கடைத் தரையில் ரப்பர் விரித்தார், பெரிய கண்ணாடிகளைத் தம்பியிடம் ஒப்படைத்தார், தான் சின்னச் சின்ன முகக்கண்ணாடிகளோடு உட்கார்ந்துகொண்டார். வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். அவர் ஓடினால், திரும்பி வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

டீச்சருக்குத்தான் பழகவில்லை. உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிடலாம், இது வேறு. ஒரு நாள் டீச்சர் இப்போதைய தலைமையாசிரியரைப் போலப் பேசிக் காட்டியதற்குக் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சரின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. “இப்ப சிரிச்சது நீங்களா, அட்டையா?” என்று கேட்டார். கணவர் யோசித்துப் பார்த்துவிட்டு, “எனக்கே தெரியலம்மா” என்றார். அதிலிருந்து டீச்சருக்கு நிம்மதி போயிற்று. அவர் கண் கலங்கினால் எந்த வகுப்பு என்று நினைத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ‘உட்கார்’ அட்டையும் நாம்தானே வரைந்தோம் என்று நினைத்தார். பாத்திரம் தேய்க்கும்போது, நோட்டுத் திருத்தும்போது, பேருந்துக்கு நிற்கும்போது இதே கணக்குத்தான். சொந்தப் புருஷனைச் சந்தேகப்பட எத்தனையோ காரணம் இருக்க, தனக்கு இப்படியொரு காரணமா வாய்க்க வேண்டும் என்று எரிச்சலும் பட்டார்.

வருடங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை குழுவில் ஒரு புது டீச்சர் கேட்டிருந்தார்: “‘பகிர்’னு ஒரு அட்டை போட்டுத் தாங்க டீச்சர். என் கிளாஸ்ல ஒருத்தன் பென்சில இன்னொருத்தனுக்குக் கொடுக்க மாட்டேங்கிறான்.” மளமளவென்று இன்னும் பலர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கேட்டால் கொடுத்துப் பழகிய கை, உடனே பென்சிலை எடுத்தது. ஒரு தட்டு, அதில் கடைசி பிஸ்கட், அதை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை நீட்டும் ஒரு கை. கையை வரைந்துகொண்டிருக்கும்போதே அது யாருடைய கை என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதிலிருந்து சாயங்கால டீக்கு மிஞ்சும் கடைசி பிஸ்கட்டைக் கணவர் அப்படித்தான் உடைப்பார். பெரிய பாதி இந்தப் பக்கம் வரும். இத்தனை வருடத்தில் அந்த ஒன்றை மட்டும் டீச்சர் சந்தேகப்பட்டதே இல்லை. அதற்கு அட்டை கிடையாது.

இதை இன்றைக்குப் போட்டால் திங்கட்கிழமை காலையில் எல்லா வகுப்பிலும் தூக்கிக் காட்டுவார்கள். டீச்சர் ரப்பரை எடுத்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அழித்தார். ‘எவ்வளவு முயன்றும் வரைய வரவில்லை, மன்னிக்கவும்’ என்று குழுவில் எழுதினார். அந்தக் குழுவில் அவர் சொன்ன முதல் பொய் அது. பழைய தலைமையாசிரியையின் பீரோ ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுதியதை அவர் மாற்றவில்லை.

கணவர் டீயோடு வந்து, தாளில் கிடந்த ரப்பர் தூளைப் பார்த்து, “என்ன வரைஞ்ச?” என்றார். “ஒண்ணுமில்லீங்க, சரியா வரல” என்றார் டீச்சர். கணவர் உட்கார்ந்து, தட்டிலிருந்த கடைசி பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அண்ணியின் பள்ளியில் முதல் பாடம் தொடங்கியது. அவர் எழுந்து குதித்தார், கை தட்டினார், வாசல்வரை ஓடினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி திரும்பி வந்து மூச்சு வாங்கினார். பிஸ்கட் கையிலேயே இருந்தது. அதை இரண்டாக உடைத்து, இரண்டு பாதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பெரியதை டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் கடிகாரத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.