அத்தை கழுவிய காற்று

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எழுந்து நின்று சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருடிக்கொண்டு வந்தேன். அது மூன்றாம் பகுதியில் வரும். அதற்குள் ஓடிவிடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நகரத்தின் மேல் சாம்பல் நிறப் போர்வை ஒன்று..."

(அடித்துவிட்டேன். வாசித்துக் காட்டியபோது அத்தை, "போர்வையா? டீசல் புகைன்னு எழுதுடி" என்றாள்.)

ஆக, டீசல் புகை. அத்தை வீடு மூன்றாம் மாடி. பால்கனிக்கு நேர் கீழே பஸ் டிப்போ. விடிவதற்கு முன்பே எல்லா வண்டிகளையும் கிளப்பி உறுமவிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை அந்தப் புகையில்தான் துணி காயப்போடுகிறாள்.

2.

ஒரு சந்தேகம். அத்தையை உள்ளபடி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய பெரிய சர்ஜன்களையே "போய் மறுபடி கை கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவள். சுத்த விஷயத்தில் அவளிடம் யார் பாச்சாவும் பலிக்காது. மாமா உயிரோடிருந்தவரை, செய்தித்தாளைக்கூட வாசலில் உதறிவிட்டுத்தான் அவரால் வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

இந்த வீட்டுக்கு ஓர் ஆய்வுப்பெண் வந்தாள். வயதானவர்கள் பல வருஷம் புகையைச் சுவாசித்தால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வு. பால்கனியில் ஒரு பெட்டி வைத்தாள். காற்றை இழுத்து, அதிலுள்ள தூசை ஒரு வெள்ளை ஃபில்டரில் படியவைக்கும் பெட்டி. மாதம் ஒருமுறை வந்து ஃபில்டரை மாற்றுவாள், அத்தையை ஒரு குழாயில் ஊதச் சொல்வாள். பெட்டியை நகர்த்த வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: புகை யாரையும் ஒரே நாளில் சாய்ப்பதில்லை. சிறுகச் சிறுக உள்ளே போய், நுரையீரலோடு நிற்காமல் இதயத்தையும் தொடும் என்கிறார்கள், ஞாபகத்தையும்கூட. வயதானவர்களோ "வயசாச்சு, மாடி ஏறினா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று பழியை வயதின் தலையில் போட்டுவிடுகிறார்கள். அத்தையும் போட்டாள்.)

3.

ஒரு வருஷம் கழித்துக் கூட்டம். டிப்போவை ஊருக்கு வெளியே மாற்றும்படி தெருக்காரர்கள் கேட்டிருந்தார்கள். டிப்போ அதிகாரி அந்த ஆய்வின் அளவுகளையே கையில் வைத்திருந்தார். "டிப்போவுக்கு நேர் மேல இருக்கிற பால்கனியிலயே காத்து சுத்தமா இருக்கு. அப்புறம் என்னங்க பிரச்சினை?"

ஆய்வுப்பெண் திருதிருவென்று விழித்தாள். அத்தை எழுந்தாள். இருமல் அடங்கக் காத்திருந்தாள்.

"அந்த ஃபில்டரை தினமும் சோப்பு போட்டுக் கழுவி வச்சது நான்தான். அவ்வளவு அழுக்கை வீட்ல எப்படிங்க விட்டு வைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அடங்கும்வரை நின்றாள்.

"சிரிங்க. ஆனா கழுவின தண்ணி கன்னங்கரேல்னு போச்சு. தப்பு என்னோடது. மறுபடி அளங்க."

ஆயுசு முழுக்க அடுத்தவர் கை அழுக்கைச் சொன்னவள், தன் தப்பை ஊர் முன்னால் சொல்லக் கொஞ்சமும் கூசவில்லை. எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இப்படி ஒருத்தி என் அத்தை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

4.

இங்கேயே முடித்திருந்தால் தப்பித்திருப்பேன். மறுபடி அளப்பதென்றால் இன்னொரு வருஷம். ஆளும் அதே ஆள், வீடும் அதே வீடாக இருக்க வேண்டும். இதற்கிடையில் டாக்டர் சொல்லிவிட்டார்: இதயமும் சேர்ந்து தளர்கிறது, இந்த வீட்டைவிட்டுப் போய்விடுங்கள். அத்தையின் மகனுக்கு ஊருக்கு வெளியே காற்றோட்டமான வீடு. இப்போது வேனோடு வந்து வாசலில் நிற்கிறான்.

"அம்மா, நீ முதல்ல கிளம்பு. ஊரைக் காப்பாத்த வேற ஆளா இல்ல?"

ஆய்வுப்பெண்ணும் அதையேதான் சொன்னாள். "போயிடுங்கம்மா. ஆய்வு கிடக்கட்டும்."

"எனக்குப் போக ஒரு இடம் இருக்கு," என்றாள் அத்தை. "கீழ்வீட்டு டெய்லருக்கு எங்க இருக்கு? அவரும் என்னை மாதிரிதான் இருமுறாரு."

முடிவு ஒன்று: அத்தை போகிறாள். இருமல் குறைகிறது. டிப்போ அங்கேயே...

முடிவு இரண்டு: அத்தை இருக்கிறாள். கழுவாத ஃபில்டர் மாதாமாதம் கறுக்கிறது. டிப்போ நகர்கிறது. அவள்...

இரண்டையும் படித்துப் பார்த்தாள். "ரெண்டாவதுல நான் என்ன ஆகிறேன்? பாதியில நிக்குதே."

"தெரியல அத்தை."

"டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. அப்படியே விடு."

5.

அண்ணன் மகளாக எனக்கு அவள் போக வேண்டும், இன்றைக்கே. எழுதுகிறவளாக எனக்கு அவள் அந்தப் பால்கனியில் நிற்க வேண்டும். கதைக்கு அதுதான் எடுப்பு. இப்படி நினைக்கிற ஒருத்தி கையில் இந்த முடிவு இருக்கக் கூடாது என்றுதான் உங்களிடம் தருகிறேன்.

எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். கதை நன்றாக வரும் என்பதற்காக மட்டும் அவளை அங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டில் மூச்சு விடப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.