சஹனில் தூவிய பொடி

கூத்தாநல்லூர்க் கல்யாணங்களில் நாலு பேருக்கு ஒரு சஹன். பெரிய தட்டில் நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி, சுற்றி நாலு பேர். நல்ல கறியை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளுவதுதான் மரியாதை. சேக் தாவூது வயதில் மூத்தவர். எல்லா மரியாதையும் அவர் பக்கம் வந்து குவியும். அத்தனை வருஷத்து மரியாதையும் தொப்பையாக நின்றது.

அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை, மனைவி ஹபீபுன்னிசாவின் சிறுநீரகம் கெட்டுப்போகும்வரை. வாராவாரம் அவளைத் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனார். அவருடைய சிறுநீரகம் அவளுக்குச் சேரும் என்று சோதனையில் தெரிந்தது. "ஆனா இந்த உடம்போட எடுக்க முடியாதுங்க. எடையக் குறைச்சுட்டு வாங்க" என்றார் டாக்டர். குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீடு வந்தால், கல்யாணப் பத்திரிகை காத்திருந்தது. போகாமல் இருக்க முடியுமா? முடியும். அவர் போனார்.

மகள் ரிஃப்கா ஆராய்ச்சி மாணவி. வாய்க்கால் ஓரத்துச் செடி ஒன்றிலிருந்து பொடி எடுத்து வைத்திருந்தாள். "கொழுப்பைச் செரிக்க வைக்கிற நொதியை இது தடுக்குது அத்தா. சாப்பாட்டோட கலந்தா கொழுப்பு உடம்புல சேராது. அப்படியே வெளியே வந்துடும்." தாவூது 'சேராது' வரைக்கும் கேட்டுக்கொண்டார். ஃப்ரிட்ஜில் இருந்த டப்பா அவர் சட்டைப்பைக்கு மாறியது.

கல்யாணத்தில் தன் பக்கத்துக் கறியில் தாராளமாகத் தூவினார்.

"என்ன மச்சான் அது?" என்றான் எதிரே இருந்த ஷஹ்பாஸ், ஹபீபுன்னிசாவின் தம்பி.

"வயித்துக்கு."

அப்புறம் மரியாதை ஆரம்பித்தது. மூன்று பேரும் கறியை அவர் பக்கம் தள்ளினார்கள். டாக்டர் முகம் ஞாபகம் வந்து அவர் திருப்பித் தள்ளினார். பொடி எல்லார் பக்கமும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து. நாலு பேரும் வெள்ளை வேட்டி. பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தால், நாலு நாற்காலியிலும் எண்ணெய். வயிற்று வலி கிடையாது, ஒன்றும் கிடையாது. நேற்றைய நெய் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தது. ஊரே பார்த்தது.

ஷஹ்பாஸ் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தான். அதற்குள் ரிஃப்கா காலி டப்பாவைப் பார்த்திருந்தாள்.

"எலிக்கே இன்னும் குடுத்துப் பாக்கல அத்தா! உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"உங்கம்மாவுக்குக் கிட்னி குடுக்கணுமேம்மா. வாயக் கட்ட முடியலயே என்னால" என்றவர், அத்தனை பெரிய உடம்பு குலுங்க அழுதார். சண்டைக்கு வந்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கல்யாணத்தில் அந்த மூன்று பேரும் அவரை வலியக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பழி வாங்கப் போகிறார்கள் என்று அவருக்கு உதறல். சஹன் வந்தது. அவர் கை நீட்டும் முன்னால் மூன்று கைகள் அவர் பக்கத்துக் கறியை அள்ளின. மூத்தவர் பக்கத்தில் கை வைப்பது அந்த ஊர் கேள்விப்படாத அவமரியாதை. கொஞ்சம் சோறும் வெள்ளரிக்காயும் மிஞ்சின.

"அடப் பாவிகளா, ஒரு துண்டாவது வைங்கப்பா!"

"அக்கா வேணும் மச்சான்" என்றான் ஷஹ்பாஸ், வாய் நிறையக் கறியோடு.

தாவூது குனிந்து வெள்ளரிக்காயைத் தின்றார். கண் கலங்கியதை யாருக்கும் காட்டவில்லை. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அவரை அவர்கள் தனியாக விடவில்லை.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிஃப்காவோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் தொப்பை விழுந்திருந்தது.