புல்வெளியில் ஒரு பங்கர்

கதிர்காமநாதன் தன் காணியில் பங்கர் வெட்டுகிறார் என்று அறிந்த அன்று மிருணாளினிக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பல்ல.

மெல்பேர்ணுக்கு மேற்கே, மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் புல் மட்டுமே விளைந்து கிடக்கிற சமவெளி அது. தை பிறந்தால் அவ்வளவு புல்லும் காய்ந்து மஞ்சளாக நிற்கும். எங்கேயாவது ஒரு பொறி விழுந்தால் போதும், ஊரே போய்விடும். அங்கே அவள் ஆடு வளர்க்கிறாள். பக்கத்துக் காணியை வாங்கிய கதிர்காமநாதன் டண்டினொங் புறநகரில் பலசரக்குக் கடை நடத்தியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி யோகாவோடு நல்ல காற்றுத் தேடி வந்திருந்தார்.

"செல்லடிக்குள்ள பங்கருக்குள்ள இருந்து தப்பின ஆக்கள் நாங்கள், பிள்ளை," என்றார் வேலியடியில் நின்றுகொண்டு. "இந்தப் புல்லு நெருப்புக்கோ பயப்பிடுறது?"

மிருணாளினி அந்தப் பகுதித் தீயணைப்புப் படையில் தொண்டர். வீடு வீடாகப் போய், புல்லைக் கட்டையாக வெட்டுங்கள், கூரைப் பீலியில் கிடக்கும் சருகை அள்ளுங்கள், காற்றுக் கடுமையான நாளில் காலையிலேயே வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள். நெருப்பு, எறிகணைச் செல்லைப் போலத் தலைக்கு மேலால் போய்விடாது. பழைய தண்டவாளக் கட்டைகளை அடுக்கித் தகரம் போட்டு மண்ணால் மூடிய அந்தப் பதுங்குகுழிக்குள் புகை இறங்கினால், உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார். இது அவளுக்கு மனப்பாடம். யாருக்கும் சொல்லியிருப்பாள்.

அவருக்கு மட்டும் சொல்லவில்லை. "ஓம் அங்கிள், வடிவா வெட்டியிருக்கிறீங்கள்," என்றாள்.

சொல்வாளா, பின்னே? இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கரையில், ஆறு வயதுத் தம்பி கீர்த்தனனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டம் அவளுக்கு மறக்குமா? செல் வந்துகொண்டே இருந்தது. கண்ணில் பட்ட முதல் பங்கரின் வாசலை மறித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். "இடமில்லை, அங்கால போங்கோ," என்றார். அவருடைய தோளுக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்ததை அவள் தன் கண்ணால் கண்டாள். அரிசிக்கு இடமிருந்தது, பிள்ளைக்கு இல்லை. அடுத்த பங்கரைத் தேடி ஓடிய வழியில் செல் விழுந்தது. அவள் கழுத்தைக் கட்டியிருந்த கீர்த்தனனின் கை தளர்ந்தது. மண்ணில் இறக்கிப் பார்த்தபோது அவன் போயிருந்தான்.

அந்த மனிதர்தான் இத்தனை வருடம் கழித்து, இந்தப் பெரிய உலகத்தில் வேறு இடமே கிடைக்காதது போல அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். குரலைக் கேட்டவுடனேயே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கோ ஒன்றும் நினைவில்லை என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டு மாம்பழப் பெட்டி கொண்டுவந்து தந்தார். அவ்வளவு பழத்தையும் ஆடுகளுக்குப் போட்டாள். கறுவிக்கொண்டே இரண்டு கோடையைக் கழித்தாள்.

மூன்றாவது கோடையில் அந்த நாள் வந்தது. விடியற்காலையிலிருந்தே வடக்குக் காற்று அனலாக அடித்தது. தூரத்தில் கிளம்பிய தீ, மதியத்துக்குள் அவர்களுடைய காணிகளுக்கு மேற்கே தெற்கு நோக்கி நீளக் கோடாக ஓடியது. தீயணைப்பு வண்டி வேறு குழுவோடு போய்விட்டது. மிருணாளினி தன் ஆடுகளை, இதற்கென்றே உழுது வெறும் மண்ணாக வைத்திருந்த துண்டில் அடைத்தாள்.

"நெருப்பு அங்கால போயிட்டுது, பிள்ளை," என்று கதிர்காமநாதன் வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்தார். "இனிப் பயமில்லை."

அவளும் கையசைத்தாள். மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பினால் அந்த நீளக் கோடு முழுவதும் தீயின் முகமாக மாறி இந்தப் பக்கம் பாயும். பாயட்டும் என்று நினைத்தாள்.

நினைத்தபடியே காற்றுத் திரும்பியது. அவள் தன் சிறிய லொறியை எடுத்துக்கொண்டு பெருந்தெருப் பக்கம் ஓடிப் பார்த்தாள். புகை வழியை அடைத்திருந்தது. இனி உழுத மண்தான் கதி என்று திருப்பிக்கொண்டு வரும்போது கண்டாள். கம்பளியும் தண்ணீர்க் கானுமாக, யோகா அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு கதிர்காமநாதன் பங்கருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

அவள் நிறுத்தவில்லை. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது, உண்மையைச் சொன்னால் அவ்வளவு இன்பம். ஒரு விரலைக்கூட அசைக்கத் தேவையில்லை. தன் வாசல் வரைக்கும் அந்த இன்பத்தோடேயே வந்தாள். அங்கேதான் அது கெட்டது. செத்தவனுக்கு என்ன தெரியும்? தப்பிவிட்டேன் என்ற எண்ணத்தோடேயே, மனைவியைக் கட்டிக்கொண்டு, நித்திரை போலச் செத்துப்போவான். கீர்த்தனன் என்று ஒருவன் இருந்ததே அவனுக்குத் தெரியாமல் போகும். இல்லை, இவன் அறிய வேண்டும். அறிந்துகொண்டு நெடுநாள் உயிரோடு கிடக்க வேண்டும்.

லொறியைத் திருப்பினாள். பங்கர் வாசலில் குதித்து அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தாள்.

"வெளியில வாங்கோ. இது பங்கரில்லை, புதைகுழி."

"பிள்ளை, இதுக்குள்ள..."

"வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ அங்கிள்."

உழுத மண்ணின் நடுவில், ஆடுகளுக்குப் பக்கத்தில், லொறியை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றி, மூவரும் கம்பளிகளுக்குள் குனிந்து கிடந்தார்கள். தீ இரண்டு பக்கத்தாலும் இரைந்துகொண்டு போனது. யோகா அன்ரி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தா. மிருணாளினி யாரையும் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது எல்லாம் கறுப்பு. அவருடைய வீடு எரிந்துகொண்டிருந்தது. பங்கர் வாயிலிருந்து கட்டைகள் கருகும் புகை தடித்து வந்தது. உள்ளே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. யோகா அன்ரி அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. "நீ எங்களுக்குத் தெய்வம், மோனை."

"தெய்வமில்லை அன்ரி. இந்தப் பங்கர் கூடாதெண்டு எனக்கு முதலே தெரியும். சாகட்டும் எண்டுதான் சொல்லேல்ல." அவர் பக்கம் திரும்பினாள். "மாத்தளனில உங்கட பங்கர் வாசலில ஒரு பெட்டை தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். நீங்கள் அரிசி வச்சிருந்தனீங்கள். அவன் செத்துப்போனான். அவன்ர பேர் கீர்த்தனன்."

அவர் மறுப்பார், மறந்துவிட்டேன் என்பார், அதற்கு என்ன சொல்வது என்று அவள் பல வருடமாகத் தயாராக இருந்தாள்.

"பேர் தெரியாது," என்றார் கதிர்காமநாதன். "மற்றது தெரியும். நாங்கள் இங்க வந்த முதல் நாள் நீங்கள் ஆட்டுக்குட்டியை இடுப்பில வச்சுக்கொண்டு வந்தனீங்கள். அண்டைக்கும் அப்பிடித்தான் அவனை வச்சிருந்தனீங்கள். கண்ட உடன தெரிஞ்சுபோச்சு. கேக்கத் தைரியம் வரேல்ல." அவருடைய குரல் இறங்கியது. "இந்தப் பங்கரை எங்கள் ரெண்டு பேருக்கு வெட்டேல்ல, பிள்ளை. உங்களுக்கும் சேத்துத்தான் வெட்டினனான். நெருப்பு வந்தா உங்களைக் கூப்பிடுறதெண்டு. இண்டைக்கும் வேலியடியில நிண்டு கூப்பிட்டனான். நீங்கள் லொறியில போயிட்டீங்கள்."

மிருணாளினிக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இத்தனை வருடம் கட்டிக் காத்த வெறுப்பை இந்தக் கிழவன் ஒரு குழியை வெட்டிவிட்டுக் கைவிடச் சொல்கிறானா? அதுவும் அவளையும் கொன்றிருக்கக்கூடிய குழி. மன்னிப்பு அவளிடம் இருக்கவில்லை. தேடிப் பார்த்தும் இருக்கவில்லை.

லொறியின் பின்னால் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவருடைய காலடியில் போட்டாள்.

"மூடுங்கோ. மெஷின் பிடிக்கக் கூடாது. ஆள் பிடிக்கக் கூடாது. நீங்களே மூடுங்கோ, நான் பாக்க வேணும்."

யோகா அன்ரி மண்வெட்டியை எடுக்கக் குனிந்தா. மிருணாளினி அவவைத் தடுத்தாள்.

கதிர்காமநாதன் குனிந்து மண்வெட்டியை எடுத்தார். சூடு ஆறாத கறுப்பு மண்ணை வெட்டி, புகைந்துகொண்டிருந்த குழிக்குள் போடத் தொடங்கினார். மூச்சு வாங்கியது. வேர்வையும் கரியும் சேர்ந்து முகத்தில் வழிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து, போதுமா என்று கேட்பது போல அவளைப் பார்த்தார்.

"இன்னும் போடுங்கோ," என்றாள்.