அரைமணி நேரப் பிழை

ஸ்கந்தபுரம் நூல் நிலையத்துக்கு அந்த இறுவட்டு வந்தபோது அதன் உறையில் முருகன் இருந்தார். உள்ளே இருந்ததோ ரொக்கெற். லண்டனில் இருக்கும் விண்வெளிப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து, ரொக்கெற், செயற்கைக்கோள், கோள்கள், கிரகணம் என்று நாற்பதாயிரம் பக்கங்களை ஒரே வட்டுக்குள் அடைத்திருந்தார்கள். 'ரொக்கெற்' என்ற சொல்லோடு வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியைக் கடக்க நினைப்பவன் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவன். ஆகவே கொண்டுவந்தவர் வட்டின் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பக்திப் பாடல் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தார். முருகன் கைவிடவில்லை.

நூலகர் ராஜினி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். தொண்ணூற்றாறில் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது ஒன்பதாயிரம் புத்தகங்களில் முந்நூற்றுச் சொச்சத்தைத்தான் அவளால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற முடிந்தது. ஐந்து வருஷமாகக் கிடுகுக் கொட்டிலில் அந்த முந்நூற்றையும் கறையானிடமிருந்து காத்து வருகிறாள். இப்போது நாற்பதாயிரம் பக்கம் ஒரு தோசை அளவில் வந்திருக்கிறது.

ஆனால் அதை வாசிக்கக் கணனி வேண்டும். கணனி இருந்தது, தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்தது. அதன் மேல்தான் நூலகக் குழுத் தலைவர் வீரகத்தியருக்குக் கண். அக்கராயன் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கமக்காரர். எழுபது வயது. கமக்காரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். உர விண்ணப்பமும் வாய்க்கால் முறைப் பட்டியலும் அடிக்கக் கணனி இல்லாமல் சங்கம் தவிக்கும்போது, நூல் நிலையத்தில் அது சேலை போர்த்திக்கொண்டு சும்மா இருக்கிறதே என்பது அவருடைய வயிற்றெரிச்சல்.

"ஒரு மாதம் தாறன், பிள்ளை," என்றார். "அந்தச் சீடியைச் சோதிச்சு அறிக்கை எழுதும். அதில இருக்கிறது சரியோ, எங்கட சனத்துக்கு உதவுமோ எண்டு எனக்குத் தெரியவேணும். பிழையெண்டால் கணனி சங்கத்துக்குப் போகும். பிறகு அழப்படாது."

"அழமாட்டன் ஐயா," என்றாள் ராஜினி. "கணனியும் போகாது."

வாய் சொல்லிவிட்டது. இனிச் செய்துகாட்ட வேண்டும்.

புதுப் புத்தகம் எது வந்தாலும் ராஜினிக்கு ஒரு முறை உண்டு. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை முதலில் அதில் தேடுவாள். அது சரியாக இருந்தால்தான் தெரியாததை நம்புவாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அவள் மூன்று சோறு நசுக்கிப் பார்க்கிற ஆள். இந்தப் பானைக்கு அவளிடம் இருந்த நேரமோ கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். அதற்குமேல் மண்ணெண்ணெய் இல்லை.

ஜெனரேற்றரை இயக்கியவர் சுடலைமுத்து. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, இப்போது தோட்டக்காரர்களின் நீர்ப்பம்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பவர். மனிதன் நிலவில் இறங்கிய நாளிலிருந்து பேப்பரில் வந்த ரொக்கெற் படங்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார். எத்தனையோ இடப்பெயர்வுகளில் பாயை விட்டார், பானையை விட்டார், கொப்பியை விடவில்லை. அவரையே ராஜினி முதல் வாசகராகக் கதிரை போட்டு உட்கார வைத்தாள்.

"நிலவுக்குப் போன ரொக்கெட்டு மூணு அடுக்குங்க மிஸ். பேப்பர்ல நாலுன்னு போட்டான். நான் அப்பவே நம்பல. இது என்ன சொல்லுதுன்னு பாருங்க."

வட்டு மூன்று என்றது. படத்தோடு, எந்த அடுக்கு எத்தனை நிமிடம் எரிந்தது என்பதுவரை சொன்னது. சுடலைமுத்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். முப்பத்திரண்டு வருஷ வழக்கில் வென்றவருக்கு அந்தச் சிரிப்புத் தகும்.

விளையாட்டு ரொக்கெற் செய்து ஏவும் பகுதிதான் ராஜினியை இடறியது. மட்டைக்குழாய், கருமருந்து, பற்றரி. பற்றரியே வரவிடாத ஊரில் கருமருந்துக்கு எங்கே போவது? கிடைத்தாலும், குண்டு விமானம் வட்டமிடும் வானத்தில் புகை விடுகிற எதையும் மேலே அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? 'வாசிக்க மட்டும்' என்று அறிக்கையில் எழுதினாள். சுடலைமுத்துவின் முகம் வாடியது, ஆனால் மறுக்கவில்லை.

மூன்றாம் கிழமை வீரகத்தியர் தானே வந்தார்.

"ஆடியில சந்திரகிரகணம் வருதாம். இந்த வருசப் பஞ்சாங்கம் இன்னும் பாதை தாண்டி வரேல்லை. உம்மட சீடியைக் கேட்டுச் சொல்லும் பாப்பம், எத்தினை மணிக்குப் பிடிக்குது எண்டு. அதுதான் சோதினை."

இப்படி ஒரு வாய்ப்பு தானாக வருமா? ராஜினி நாடுகளின் பட்டியலில் இலங்கையைத் தெரிவுசெய்தாள். விடை உடனே வந்தது: ஊரார் ஆடி என்கிற ஜூலை ஐந்து, வியாழன், மாலை ஏழு முப்பத்தைந்து. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி நூல் நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டினாள். 'கிரகணம் ஆரம்பம் 7.35' என்று ஸ்கந்தபுரம் முழுக்க வாசித்தது.

வீரகத்தியர் ஆசாரக்காரர். கிரகணம் பிடித்தபின் பச்சைத் தண்ணீரும் தொண்டைக்குள் இறங்காது. வியாழன் மாலை ஏழு மணிக்குக் கை கால் கழுவி, மனைவி விமலேஸ்வரி அவித்து வைத்த புட்டை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்து, ஏழரைக்கு வாய் கொப்பளிக்க முற்றத்துக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். நிலவின் ஒரு பக்கத்தை யாரோ கடித்து வைத்திருந்தார்கள். இப்போதுதான் கடித்ததல்ல, நன்றாகவே கடித்திருந்தார்கள்.

நூல் நிலைய முற்றத்தில் கூடியிருந்த சனத்துக்குள் அவர் சைக்கிளைப் போட்ட சத்தம் இடிபோல் விழுந்தது.

"கிரகணத்துக்க புட்டுத் திண்ண வைச்சுப்போட்டீர் பிள்ளை! எழுவது வயசில எனக்கு இது வேணுமோ? ஒரு கிரகணத்தைச் சொல்லத் தெரியாத சாமான் ரொக்கெற்றைப் பற்றி என்னத்தைச் சொல்லப்போகுது? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கணனியைக் கட்டி வையும்."

ராஜினிக்கு அவமானம் காதுவரை சுட்டது. "எளிய சீடி," என்று முணுமுணுத்தாள். "என்னை நடுத்தெருவில விட்டுட்டுது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆடத் தெரியாதவள் தான்தான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

ஆனாலும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பிழை என்றால் எவ்வளவு பிழை என்று எழுத வேண்டும் அல்லவா? சனம் கலைந்த பிறகும் மணிக்கூட்டோடு படியில் இருந்தாள். கிரகணம் விடும் நேரம் பத்தேகால் என்று வட்டு சொல்லியிருந்தது. விட்டது ஒன்பதே முக்காலுக்கு. பிடித்த நேரத்தைச் சுடலைமுத்து கொப்பியில் குறித்திருந்தார்: ஏழு ஐந்து.

பிடித்ததும் அரைமணி முந்தி. விட்டதும் அரைமணி முந்தி. பொய் சொல்கிறவன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரித்தான் சொல்லுவான். அச்சொட்டாக ஒரே அளவில் பிழைக்கிறவன் பொய்யன் அல்ல. இது அவள் மனத்தை அரித்தது.

மறுநாள் பின்னேரம் அவள் இறுவட்டின் அமைப்புப் பக்கங்களைப் பார்க்க ஜெனரேற்றர் போடும்படி கேட்கச் சுடலைமுத்துவின் வளவுக்குப் போனாள். அவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கரகரத்தது. கொழும்பு அறிவிப்பாளர் சொன்னார்: "நேரம் ஏழு மணி. செய்திகள்."

ராஜினி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரை.

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை அரைமணி முன்னே தள்ளியது. வன்னி தள்ளவில்லை. அன்றிலிருந்து அங்கே புதிய நேரம், இங்கே பழைய நேரம். செய்தி கேட்கும்போதும், சோதனைச் சாவடி திறக்கும் நேரம் பார்க்கும்போதும் சனம் யோசிக்காமலே அரைமணியைக் கழித்துக்கொள்ளும். ஐந்து வருஷமாகக் கழித்துக் கழித்துப் பழகிய ராஜினிக்கு, 'இலங்கை' என்று தெரிவுசெய்தால் கணனி கொழும்பு நேரத்தைத்தான் சொல்லும் என்று ஒரு கணம்கூட உறைக்கவில்லை. வட்டு சரியாகவே சொன்னது. பிழை விட்டது அவள்.

"இப்பவே போடட்டுமா மிஸ்? என் பம்பி எண்ணெய் ஒரு போத்தல் கெடக்கு," என்றார் சுடலைமுத்து.

"பொறுங்கோ அண்ணை. இந்த ஒரு கிரகணத்தை வைச்சுக்கொண்டு கதைச்சால் சாட்டுச் சொல்லுறன் எண்டுவார் தலைவர். ரெண்டாவது சாட்சி வேணும்."

சனிக்கிழமை காலை வீரகத்தியரின் படலையில் போய் நின்றாள். நாயை விட்டுக் கடிக்க வைக்காதது ஒன்றுதான் குறை. அவ்வளவு கடுத்த முகத்தோடு அவர் வந்தார். ஜனவரியில், தை மாதத்துக் கிரகணம் பிடித்ததும் முழுகிய நேரத்தை டயறியில் எழுதியிருப்பாரே, அதைத் தர முடியுமா என்று கேட்டாள். அவர் உள்ளே போய் டயறியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். 

சுடலைமுத்து தன் போத்தல் எண்ணெயில் ஜெனரேற்றரை இயக்கினார். டயறியில் கிரகணம் பிடித்தது இரவு பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். வட்டு, இலங்கை என்றால் பன்னிரண்டு நாற்பத்திரண்டு என்றது. நாட்டை இந்தியா என்று மாற்றினாள். அங்கே இன்னும் பழைய நேரம்தான். பன்னிரண்டு பன்னிரண்டு. சுடலைமுத்து திரும்பவும் தொடையில் தட்டினார். ராஜினிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு விடிந்ததும், கூட்டத்துக்கு முன்னமே, அறிவித்தல் பலகையில் புதிய தாள் ஒன்று ஏறியது. 'கிரகண நேரத்தைப் பிழையாக அறிவித்தது இறுவட்டல்ல, நூலகர். புதிய நேரத்தைப் பழைய நேரமாக எண்ணிவிட்டேன். மன்னிக்கவும். ராஜினி.' தோற்றாலும் அது அங்கே இருக்கத்தான் வேண்டும் என்று நான்கு மூலைக்கும் ஆணி அடித்தாள்.

பத்து மணிக்குக் குழு கூடியது. அவள் கணனியை இயக்கி வைத்துக்கொண்டு அறிக்கையை வாசித்தாள். எது சரி, எது எங்களுக்கு உதவாது, எதை வாசிக்க மட்டும் வைக்க வேண்டும், எது தன் பிழை, எல்லாம். "கமக்காரர் சங்கத்தின் பட்டியலை நானே கிழமைக்கொருக்கால் அடிச்சுத் தாறன். கணனி இங்கதான் நிக்கவேணும்," என்று முடித்தாள்.

எல்லோரும் வீரகத்தியரைப் பார்த்தார்கள்.

"திண்ட புட்டு எனக்கு இன்னும் செமிக்கேல்லை," என்றார் அவர். "அது வேற கதை. தாளை வாசிச்சுப்போட்டுத்தான் உள்ள வந்தனான். கணனி நிக்கட்டும்."

சனம் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போயிற்று. வீரகத்தியர் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. சுடலைமுத்து ஜெனரேற்றரை நிற்பாட்டப் போனபோது கையால் மறித்தார்.

"பிள்ளை, உதில பழைய நாளும் பாக்கலாமோ?"

"ஓம் ஐயா. எந்த நாள்?"

"தொண்ணூத்தி மூண்டு. பங்குனி பதினைஞ்சு. அண்டைக்கு இரவு நிலவு எத்தினை மணிக்கு எழும்பினது?"

ராஜினி விசைப்பலகையில் கை வைத்தபடி நின்றாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ர மூத்தவன் விஜிதரன். பல்கலைக்கழகம் கிடைச்சு யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டவன். கடல் நீரேரி கடக்க நாள் குறிச்சுக் குடுத்தது நான்தான். ஒன்பது மணிக்கு வள்ளம். நடுச்சாமம் மட்டும் இருட்டு, பயமில்லாமல் போ எண்டனான். வள்ளம் திரும்பி வரேல்லை. அண்டைக்கு நிலவு பகல் மாதிரி எறிச்சது, அதாலதான் நேவிக்காரர் கண்டவங்கள் எண்டு கரையில ஆரோ சொல்லிப்போட்டினம். நான் கணக்குப் பாத்தனான் எண்டுதான் நினைவு. எட்டு வருசமாய் யோசிச்சு யோசிச்சு, பாத்தனானோ இல்லையோ எண்டே இப்ப எனக்குத் தெரியேல்லை. இது சரியான சாமானோ எண்டு தெரியாமல் இதிட்டக் கேக்கவும் பயமாக் கிடந்தது."

ராஜினி வருஷத்தை அடித்தாள், பங்குனியை மார்ச் என்று அடித்தாள், நாளை அடித்தாள். விடை வந்தது. ஆண்டை மறுபடி பார்த்தாள், இடத்தை மறுபடி பார்த்தாள், நேரத்தையும் பார்த்தாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

"ஒரு மணி அஞ்சு நிமிசம் ஐயா. நடுச்சாமம் கழிஞ்சு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு. ஒன்பது மணிக்கு நல்ல இருட்டு."

"உது புதிய நேரமோ, பழைய நேரமோ?"

"அந்த வருசம் எல்லாருக்கும் ஒரே நேரம்தான் ஐயா."

வீரகத்தியர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். சுடலைமுத்து வெளியே போய் நின்றார். ராஜினிக்கும் தாங்கவில்லை, கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அவளும் அழுதாள்.

நெடுநேரம் கழித்து அவர் மூக்கைத் துடைத்தார்.

"அதை ஒரு தாளில எழுதித் தாரும், பிள்ளை. நூல் நிலையத்துச் சீலும் குத்தும். அவா, அவன்ர தாய், அண்டையில இருந்து என்னோட கதைக்கிறேல்லை."

அவள் நாளும் நேரமும் எழுதி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, கையொப்பமிட்டாள். மைத்தட்டு காய்ந்து கிடந்ததால் முத்திரையை இரண்டு முறை அழுத்திக் குத்தினாள். அவர் அதை மடிக்கவில்லை. மை அழியாமல் ஒரு கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சைக்கிளை உருட்டியபடி வெயிலுக்குள் வீட்டுக்கு நடந்தார்.