நகல்: சம்பந்தப்பட்டவர்களுக்கு

தோழிக்கு எழுதும் மெயிலில் "ஏய், எப்படி இருக்கே?" என்று ஆரம்பிக்கலாம். தலைமையாசிரியைக்கு என்றால் "மதிப்பிற்குரிய" போட வேண்டும். அழக்கூடாது, திட்டக்கூடாது, என்ன குறை, எப்போதிலிருந்து, என்ன வேண்டும், அவ்வளவுதான். நான்காம் வகுப்புக்கு இதைத்தான் நடத்தினேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு நகல் அனுப்பலாம் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"சம்பந்தப்பட்டவங்கன்னா யாரு மிஸ்?" என்று கேட்டாள் நண்டு. சும்மா உட்காரத் தெரியாததால் வகுப்பே வைத்த பெயர் அது.

"அந்த விஷயத்துல யாருக்கெல்லாம் கஷ்டமோ, அவங்க."

அவள் தலைமையாசிரியைக்கு எழுதி, வகுப்பு மெயில் கணக்கிலிருந்த எல்லாப் பெற்றோருக்கும் நகல் போட்டு நிஜமாகவே அனுப்பிவிட்டாள்.

"பொருள்: பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வேண்டி. போன வருடத்திலிருந்து தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கிறோம். என் தோழி லீவு போடும் நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. தாழ்ப்பாள் போட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மறுநாள் காலை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். மேசையில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"என் மானமே போச்சு! இதுக்கா பாடம் நடத்துறீங்க?"

"இதுக்குத்தான் மேடம். ஒரு தப்பு இல்ல. பத்துக்குப் பத்து போட்டிருக்கேன்."

"நக்கலா? இன்னைக்கே மன்னிப்பு கேட்டு மெயில் போகணும், அதே ஆளுங்களுக்கு. இல்லன்னா அடுத்த வருஷம் உங்க வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் தற்காலிக ஆசிரியை. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு நண்டைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கம்ப்யூட்டர் அறையில் நண்டு "பொருள்: மன்னிப்பு" என்று தட்டிவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"மிஸ், என்ன தப்பு பண்ணேன்னு எழுதணும்?"

எனக்குச் சுரீர் என்றது. குறையைத் தெளிவாகச் சொல் என்று கற்றுக்கொடுத்தவளே நான்தானே! என் பையில் ஆசிரியர் கழிவறைச் சாவி கிடந்தது.

"எழுந்திரு. மன்னிப்பு மெயில்தானே போகணும்? நான் எழுதுறேன்."

"மதிப்பிற்குரிய நான்காம் வகுப்பு மாணவிகளுக்கு," என்று ஆரம்பித்தேன். "ஒரு வருடமாக நான் மட்டும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன். உங்கள் கதவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்குத் தாழ்ப்பாள் வரும்வரை ஆசிரியர் கழிவறைச் சாவி என் மேசைமேல் இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்." கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். நகலில் எல்லாப் பெற்றோரையும் சேர்த்தேன்.

நண்டு திரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்; திருத்துகிற முகம்.

"மிஸ், மேடத்துக்கு நகல் போடல."

"அட ஆமா. போடு."

போட்டாள். அனுப்புவதை நானே அழுத்தினேன். கையெழுத்தாவது மண்ணாவது! போனால் போகட்டும்.

வகுப்புக்குத் திரும்பியதும் சாவியை மேசைமேல் வைத்தேன். அன்று அவள் தோழி லீவு. நண்டு சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். போகிற வழியில் குழாயடியில் நின்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.