இளமதியோடு பிறக்காதவன்

குழந்தை பிறந்து தொப்புள்கொடியை அறுத்த பிறகும் எழிலரசியின் வயிற்றுக்குள் இன்னோர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கரு வைத்தபோது இரண்டு வைத்தார்கள், இரண்டும் ஒட்டின. மூன்றாம் மாத ஸ்கேனில் ஒன்றின் துடிப்பு அடங்கிப்போயிருந்தது. இப்படி நடப்பது உண்டு, மற்றதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. மற்றது எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, டியூப் வழியாகப் பால் குடித்துத் தேறியது. இளமதி என்று பெயர் வைத்து, கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

துடிப்பைப் பற்றி எழிலரசி முதலில் மாமியார் தைலம்மாளிடம்தான் சொன்னாள். "டெஸ்ட் டியூப் புள்ளைன்னே நாம யாருக்கும் சொல்லல. இத வேற சொல்லிக்கினு இருக்காத. இருக்கறதப் பாரு," என்று அவர் குக்கரை இறக்கப் போய்விட்டார். கணவன் செம்பியன் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். அந்த ஸ்கேன் நாளிலிருந்தே, பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் எடையைக் கேட்டார்கள். வராததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஈரத்துணி பிழியும்போதும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போதும் எழிலரசி சேலைக்கு மேல் கைவைத்து அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டாள்.

இளமதிக்கு மூன்று வயதானபோது சிதம்பரத்துக்குப் போய்க் காட்டினாள். திரையில் ஒன்றும் இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வந்தது. டாக்டரம்மா வெகுநேரம் கேட்டார். "கருவோட துடிப்பு இவ்ளோ நிதானமா இருக்காதும்மா. இது மூணு வயசுப் புள்ளையோடது. நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி, ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எழிலரசி கடலூர் வரைக்கும் அழுதாள். ஒருவருக்கும் தெரியாமல் அது வளர்ந்திருந்தது.

மறு வருஷம் ஒரு மத்தியானம் துடிப்பு தாறுமாறாக ஓடியது. பயந்துபோய்த் தரையில் படுத்துக்கொண்டாள். முதல் ஷிப்டு முடிந்து வந்த செம்பியன் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே போகவில்லை. யூனிபார்மோடு பக்கத்தில் மண்டியிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தான். வைத்த காதை எடுக்கவில்லை. கன்னத்துக்குக் கீழே சேலை நனைந்தது. துடிப்பு மெல்ல மெல்லத் தணிந்து சீரானது.

"தூங்கிட்டான்," என்றான் செம்பியன். "சத்தம் போடாத."

அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த தைலம்மாள் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.