ஈய ஆலை திரும்பக் கேட்ட புகை

எங்கள் ஊர் ஈய ஆலை, மூடி நாற்பது வருஷம் கழித்து, தான் விட்ட புகையையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது.

கூரையில்லாத உலைக்கூடமும், உருக்கிக் கழித்த கசடு மேடும், மலைச்சரிவில் நீளப் படுத்துக் கிடக்கிற, புகை ஏறிப்போகிற கல் சுரங்கமும், அதன் உச்சியில் புகைபோக்கியும்தான் மிச்சம். காலை பத்து மணிக்குப் புகைபோக்கி உள்ளே இழுக்கும். வடக்கே இருந்தும் கடல் பக்கமிருந்தும் புகை வரிசையாக வந்து அதில் இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன்.

ஆட்களின் உடம்பில் தங்கியதையும் அது கேட்டது. பழைய வேலையாட்கள் வெள்ளிக்கிழமைதோறும் உலை வாசலில் உட்கார்ந்து உள்ளே தங்கின புகையை ஊதிவிட்டு, ஈயம் ஏறித் தொங்கிப்போன கை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் சன்னாசிக்கு மட்டும் புகை வரவில்லை. அவருக்கும் கை தொங்கி, பதினோரு வருஷமாக நான்தான் சோறு ஊட்டுகிறேன். இந்த வெள்ளியோடு புகைபோக்கி நிறைந்துவிடும், அப்புறம் வாங்காது என்றார்கள்.

"புகையை என்ன நகை மாதிரி பூட்டி வச்சிருக்கீரா?" என்றார் காவல்காரர் காளிங்கன்.

"மேஸ்திரி இன்னும் சொல்லலியே" என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆலை ஓடின காலத்தில் உலைக்கதவு திறந்தால் மூச்சை அடக்கணும். மேஸ்திரி 'விடு' என்றால்தான் விடணும். ஆலை மூடின அன்று கதவு திறந்திருக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. மேஸ்திரி தேவசகாயம் சொல்லாமலே போய்விட்டார். பிறகு செத்தும் போனார். இவர் அந்த ஒரு மூச்சை அடியில் வைத்துக்கொண்டு மேல்மூச்சிலேயே காலம் தள்ளியிருக்கிறார்.

மேஸ்திரி நிற்கிற கல் அங்கேயே கிடந்தது. ஏறி நின்றேன்.

"ஏளா, நீ என்ன மேஸ்திரியா?"

"கல்லு மேல நிக்கிறவுகதான் மேஸ்திரி. விடு."

விட்டார். நீலமாக, நிதானமாக, மத்தியானம் வரைக்கும் வந்தது. சுரங்கத்துக்குள் அது மேலே போகிற சத்தம் தேர் நகர்கிற மாதிரி கேட்டது. காளிங்கன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைசியில் இவர் தன் கையைத் தூக்கி, தன் நெற்றியைத் தானே துடைத்தார்.

அதுதான் கடைசிப் புகை. ராத்திரியோடு ராத்திரியாக ஈயமெல்லாம் வெட்டியெடுத்த மலைக்குள்ளேயே திரும்பிவிட்டது. காலையில் மலை இரண்டு பனை உயரம் கூடியிருந்தது. சூரியன் அதைத் தாண்டி வர முக்கால் மணி நேரம் பிந்தியது. பள்ளிக்கூடத்து மணியை முக்கால் மணி தள்ளி அடித்தார்கள்.